முதுகுச் சுமையும் வழிச்செலவும்

'பேக்பேக்கர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக 'முதுகுப்பைப் பயணி' என்றும் 'முதுகுச்சுமைப் பயணர்' என்றும் எழுதும் வழக்கம் இக்காலத் தமிழ் எழுத்தில் காணப்படுகின்றது. ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதிவிடுவோரும் உளர். பேச்சில் அதுவே பெருவழக்கு. அங்ஙனம் எழுதுங்கால் நேரும் ஓர் இடர்ப்பாட்டையும் ஈண்டுக் குறித்தல் தகும். முதுகு, மூட்டை, பை என்னும் மூன்று பொருளையும் தனித்தனியே உணர்த்தும் மூன்று ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்தில் 'பேக்' என்றே நிற்றலின், அச்சொல்லின் உறுப்புகள் யாவை என்பது தமிழ் மட்டும் அறிந்தார்க்குப் புலனாகாது. முதுகில் மூட்டை உடையவர் என்பதே அதன் நேர்பொருள்.

நேர்பொருளை அப்படியே பெயர்த்துவிட்டால் சொல்லாக்கம் முடிந்தது எனக் கொள்ளலாமா? வழிச்செல்வோனை அவன் சுமக்கும் முறையால் பெயரிட்டழைத்தல் தமிழ் மரபில் உண்டா? உண்டெனின் எவ்வுறுப்பில் தாங்கிய சுமையால்? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள். நூல் வழக்கோடு உலக வழக்கையும் ஒப்பிட்டுக் காண்டற்கு அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியை ஓரிடமாகக் கொண்டோம். கொண்டமைக்குரிய காரணம் பின்னர் விளங்கும்.

முதற்கண் ஆங்கில வழக்கை நோக்குவோம். இச்சொல் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வழக்கூன்றியது. உணவும் உறைவிடத் துணியும் முதுகிற் கட்டிக்கொண்டு காட்டிலும் மலையிலும் நாட்கணக்கில் நடப்போரையே அஃது அங்குக் குறித்தது. இன்றும் அங்கு அப்பொருளே முதன்மையானது. ஆஸ்திரேலியாவிலும் ஆசிய நாடுகளிலும் பொருள் வேறு. குறைந்த செலவில், மலிந்த விடுதிகளில் தங்கி, பேருந்திலும் புகைவண்டியிலும் பல திங்கள் சுற்றும் இளையோரே அங்கு அப்பெயர்க்கு உரியர். அவர் நடத்தல் வேண்டும் என்னும் வரையறை இல்லை.

இரண்டாம் பொருள் பெருகியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960களிலும் 1970களிலும் மேலைநாட்டு இளைஞர் பலர் இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியாவும் நேபாளமும் வந்தடைந்தனர். 1979ஆம் ஆண்டில் ஈரானில் நிகழ்ந்த புரட்சியும், அவ்வாண்டின் இறுதியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானத்தினுள் புகுந்தமையும் அவ்வழியை அடைத்தன. அவ்வழியே வந்த டோனி வீலர், மவுரீன் வீலர் என்னும் இணையர் 1973இல் வெளியிட்ட சிறு வழிகாட்டி நூலே 'லோன்லி பிளானட்' பதிப்பகத்தின் தொடக்கம். அக்காலத்தில் சமூகவியலார் எரிக் கோகென் 1972இல் எழுதிய ஆய்வில் இத்தகையோர்க்கு இட்ட பெயர், நீரில் மிதந்து அலைவது போல் இலக்கின்றித் திரிவோர் என்னும் பொருளது. 1990இல் பிலிப் பியர்ஸ் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் 'பேக்பேக்கர்' என்பதையே ஆய்வுச் சொல்லாக எடுத்தாண்டார். 'அலைவோர்' என்னும் இகழ்ச்சி நீங்கிச் 'சுமப்போர்' என்னும் பெயர் நிலைத்தது. ஆங்கிலத்தார்க்குச் 'சுமப்போர்' உயர்ந்த சொல்லாயிற்று என்பதை நினைவிற் கொள்க. ஏவலரை அமர்த்தாது தன் மூட்டையைத் தானே சுமக்கிறான். சுமக்காமல் இருக்கவும் அவனால் இயலும். ஆயினும் சுமக்கிறான் என்பதே அவ்வுயர்வின் அடிப்படை.

இனித் தமிழ் வழக்கு. தமிழர் சுமை தாங்கும் உறுப்புகள் தலை, தோள், இடுப்பு என மூன்று. தலைச்சுமைக்குச் 'சும்மாடு' உண்டு. 'சுமையடை' என்பது மருவியதே அஃது என்பர். தோட்சுமைக்குக் 'காவடி' உண்டு. காவுதல் என்றால் தோளில் தண்டிட்டுச் சுமத்தல், காவுதடி காவடியாயிற்று. கலங்களைத் தொங்கவிட 'உறி' உண்டு. இடுப்பு குடத்திற்கும் குழந்தைக்கும் உரியது. முதுகில் சுமை கட்டுதற்கெனத் தமிழ் இல்லங்களில் வழங்கிய தனிக் கருவிப்பெயர் ஒன்றும் இவ்வரிசையில் இல்லை. முதுகு எருதுக்கும் கழுதைக்கும் உரிய சுமையிடம். 'பொதிமாடு', 'பொதிக்கழுதை' என்பன பெருவழக்கு. 'பொதியாள்' என்னும் சொல் அங்ஙனம் வழங்கவில்லை.

இவ்வேறுபாட்டைப் பத்துப்பாட்டில் உள்ள இரண்டு உவமைகள் தெளிவாகக் காட்டுகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், மிளகுப் பொதி சுமந்து வரும் கழுதைச் சாத்து ஒன்று வருணிக்கப்படுகிறது. இருபுறமும் எடை ஒத்துக் கட்டிய அப்பொதிகளுக்குப் பலாப்பழம் உவமை. சுமை தாங்கித் தாங்கித் தழும்பேறிய கழுதையின் முதுகையும் புலவர் சொல்லாமல் விடவில்லை. பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாத்தின் தொடக்கத்தில் கூத்தர் குழு புறப்படுகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என இசைக்கருவிகள் பலவும் பைகளில் இடப்பட்டுச் சமனாகக் கட்டப்பட்டுள்ளன. அப்பைகளுக்கும் பலாக்காய்க் கொத்தே உவமை. உவமை ஒன்றேயாக, ஏற்றிய இடம் வேறு. விலங்கின் சுமை முதுகில் ஏறியது. கலைஞரின் சுமையோ காவப்பட்டது. புலவர் இருவரும் கலந்து பேசி இவ்வேறுபாட்டை வகுத்தாரல்லர். அவர் கண்ட உலகம் அத்தகையது.

கூத்தரும் பாணரும் கருவிகளை இட்டுச் சென்ற பைக்குக் 'கலப்பை' என்று பெயர். கலம் இடும் பை என்க. வழிச்செலவுக்குரிய பையைக் குறிக்கத் தமிழில் இருந்த அழகிய சொல் இதுவே. இன்று இச்சொல்லை மீட்டெடுத்தல் இயலாது. உழவன் கையில் அது வேறு கருவியாய் நிலைத்துவிட்டது. எனினும் புறநானூற்றின் 206ஆம் பாட்டில் இக்கலப்பை பெறும் இடம் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. அதியமான் பரிசில் நீட்டித்தபோது ஔவையார் வாயிற்காவலனை விளித்து, தம் கலப்பையைச் சுருக்கிக் காவிக்கொண்டு புறப்படுவதாகக் கூறுகின்றார். எத்திசை சென்றாலும் தமக்கு உணவு உண்டு என்பது அவர் உறுதி. ஈண்டுச் சுமை துன்பத்தின் அடையாளம் அன்று. எவர் வாயிலிலும் கட்டுண்டு நிற்க வேண்டாமை அதனால் பெறப்படுகிறது. 'பேக்பேக்கர்' என்னும் சொல் இன்று மேலைநாட்டு இளைஞனுக்குத் தரும் பெருமிதத்திற்கு நேரான ஓரிடம் பண்டைத் தமிழில் வேண்டுமாயின் இதனையே காட்டுதல் வேண்டும். சுமந்தவர் ஒரு புலவர், அதுவும் பெண்பாற்புலவர் என்பது கருதத்தக்கது.

மக்கள் முதுகில் சுமத்தல் தமிழர்க்கு அயலானது என்பதற்கு நூற்சான்றினும் வலிய சான்று ஒன்று குழந்தைகள் பேச்சில் உள்ளது. குழந்தையை முதுகில் ஏற்றிச் செல்லும் விளையாட்டிற்கு 'உப்புமூட்டை' என்று பெயர். இடுப்பில் வைத்தால் அஃது இடுப்புக் குழந்தை. தோளில் ஏற்றினும் குழந்தையே. முதுகில் ஏற்றிய அளவில் மூட்டையாகிவிடுகிறது. உப்பு வாணிகம் செய்த உமணர் வண்டியோடும் பொதியோடும் பாலை வழிகளைக் கடந்ததைச் சங்கச் செய்யுட்கள் பலகாற் கூறும். அவ்வாணிகம் மறைந்த பின்னரும், முதுகில் ஏறியது பொதி என்னும் எண்ணம் இவ்விளையாட்டுப் பெயரில் தங்கிவிட்டது.

மற்றொரு சான்று கல்லில் உள்ளது. தமிழகத்துப் பழைய வழிகளின் ஓரத்தில் 'சுமைதாங்கி' என்னும் கல்லமைப்பைக் காணலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் மூன்றாவது கல்லைக் கிடத்தியிருப்பர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் பொருட்டு இதனை நடுதல் மரபு; அவள் இறக்க இயலாத சுமையை நினைந்து, வழிச்செல்வோர் தம் சுமையை இறக்க இடம் செய்தனர். மலையாள நாட்டில் இதனை 'அத்தாணி' என்பர். 'சுமடுதாங்கி' என்றலும் உண்டு. நிற்கும் ஒருவர் குனியாமல் தலைச்சுமையைத் தள்ளிவைத்துப் பின் தாமே ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் அது நிற்கிறது. முதுகுச் சுமையாளனுக்கு இத்துணை உயரம் வேண்டா. தாழ்ந்த திண்ணையொன்று போதும். ஆகவே சுமைதாங்கியின் உயரமே தமிழ் வழிப்போக்கரின் சுமை எங்கிருந்தது என்பதற்குக் கரி.

கல்லங்குறிச்சிக்கு வருவோம். 'குறிச்சி' குறிஞ்சி நிலத்து ஊர்ப்பெயர் எனப்படுமாயினும் இவ்வூர் சமவெளியில் உள்ளது. நிலவியலாரிடையே இவ்வூர்ப்பெயர் கிரெடேசியக் காலத்துச் சுண்ணாம்புக்கல் படிவம் ஒன்றின் பெயராக வழங்குகிறது. முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தையும், 1995 முதல் பெரம்பலூர் மாவட்டத்தையும் சார்ந்திருந்த அரியலூர், இடையில் ஒருமுறை பிரிந்து மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 முதல் தனி மாவட்டமாக உள்ளது. இவ்வட்டாரத்து மக்கள் கல்லங்குறிச்சியை அறிவது கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால்.

அக்கோயிலின் மூலவர் வழக்கமான திருமேனி அன்று; ஏறத்தாழ 12 அடி உயரமுள்ள கற்கம்பம். அதனோடு அனுமன் உருவம் உள்ளது. கோயிற்பணிக்கெனக் கம்பம் ஏற்றிச் சென்ற வண்டியின் அச்சு முறிந்ததாகவும், கம்பம் அவ்விடத்திலேயே விடப்பட்டதாகவும், பின்னர்க் காணாமற்போன பசு ஒன்று அதன்மேல் பால் சொரியக் கண்டு வழிபாடு தொடங்கியதாகவும் ஊரார் கூறுவர். இதனை வரலாறாகக் கொள்ளுதல் வேண்டா. வழியில் இறங்கிய சுமை ஒன்று வழிபடுபொருளாயிற்று என மக்கள் எண்ணிய முறையே நமக்கு வேண்டுவது. இவ்வூரை எடுத்துக்கொண்டமைக்குக் காரணமும் அதுவே.

உழவர்கள் தம் விளைச்சலில் ஒரு பகுதியைக் காணிக்கையாக இக்கோயிலுக்குக் கொணர்தல் மரபு. நெல்லும் கம்பும் சோளமும் மூட்டையாக வந்து சேரும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் மிகும். இன்று பெரும்பாலோர் ஊர்திகளில் வருகின்றனர். நடந்து வருவோரும் உளர். நடந்து வருவோரை மக்கள் எச்சொல்லால் குறிக்கின்றனர்? 'பயணி' என்பார் இலர். 'யாத்திரிகர்' என்பது அறிவிப்புப் பலகையின் சொல். 'கோயிலுக்குப் போறவங்க', 'நடந்து வர்றவங்க' என்பனவே பேச்சு. பெயர் சேருமிடத்தாலும் செல்லும் முறையாலும் அமைகிறது. தலையில் மூட்டை இருப்பினும் அதனால் அமைவதில்லை.

சுமை பற்றிய பேச்சில் மற்றொன்றும் கவனித்தற்குரியது. தலைச்சுமை ஏற்றும்போது 'ஒரு கை பிடி', 'கொஞ்சம் தூக்கிவிடு' என்று அருகிலிருப்பாரை அழைத்தல் இயல்பு. தலைச்சுமையைத் தனியொருவர் ஏற்றிக்கொள்ளுதல் அரிது. ஆகவே அது துணையை வேண்டும் சுமை. துணையில்லாத இடத்திற்கே சுமைதாங்கி. வறுமையிலிருந்து ஒருவரை உயர்த்துதலையும் நாம் 'தூக்கிவிடுதல்' என்றே கூறுகின்றோம். முதுகுப்பையோ வாரில் கையை நுழைத்துத் தானே மாட்டிக்கொள்வது. அது தனிவழிச் செல்வோனின் கருவி. இவ்விரு சுமைகளும் இருவேறு வாழ்க்கை முறைகளைச் சார்ந்தன. ஒன்றின் பெயரை மற்றொன்றின்மேல் ஏற்றுதல் எளிதன்று.

இனி வழிச்செல்வோர் பெயர்களை ஒருங்கு நோக்குவோம். வழியால் வந்த பெயர் 'வழிப்போக்கர்'. புதியராய் வருதலால் 'வம்பலர்'. பிற தேயத்தாராதலின் 'பரதேசி', 'தேசாந்திரி'. தொழிலாற் பெற்ற பெயர் 'உமணர்', கூட்டத்தால் 'சாத்து'. இவற்றுள் சுமையால் வந்தது ஒன்றுமில்லை. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே ஆற்றால், அதாவது வழியால், பெயர் பெற்றது. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டு அவ்வகையின என்பது தமிழ் மாணவர் யாவரும் அறிந்ததே. பிற்காலத்து 'வழிநடைச்சிந்து' என்னும் வகையும் வழியையும் நடையையும் பெயரில் கொண்டதேயன்றிச் சுமையைக் கொண்டதன்று.

சுமைக்கு மட்டும் பெயர்கள் பல உண்டு. வழியில் உண்ணுதற்குரிய உணவு 'ஆற்றுணா'. பொதிந்து கொள்ளுதலின் 'பொதிசோறு'. தோளில் கொண்டு செல்லுதலின் 'தோட்கோப்பு' என்றும் அகராதிகள் கூறும். கற்றவர்க்கு எந்நாடும் தம் நாடாதலின் ஆற்றுணா வேண்டா எனப் பழமொழி நானூறு கூறும். கல்வியாளன் கைவீசி நடப்பான் என்பது அதன் கருத்து. நடைமுறையில் அங்ஙனம் நடந்தவர்க்கும் பசி உண்டு என்பதைப் பெரியபுராணம் மறக்கவில்லை. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் நாவுக்கரசர் பசியால் தளர்ந்தபோது, இறைவன் அந்தணர் வடிவில் பொதிசோற்றோடு காத்திருந்தான் என்கிறது அந்நூல். அத்தலம் திருச்சிராப்பள்ளியை அடுத்துள்ளது.

சுமையே ஒருவரது நிலையை உணர்த்தும் இடமும் தமிழ் வழக்கில் இல்லாமல் இல்லை. அது சமயம் சார்ந்த வழிநடையில் உள்ளது. செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தார் சர்க்கரைக் காவடி எடுத்துச் செல்வர். வாணிகப் பொருளைத் தாங்கிய தண்டு நேர்த்திக்கடனின் பெயராயிற்று. 'காவடி எடுத்தவர்' என்றால் ஊர் அறியும். சபரிமலை செல்வோரின் இருமுடியும் இத்தகையதே. முன்முடியில் இறைவனுக்குரியன, பின்முடியில் வழிநடைக்குத் தமக்கு வேண்டுவன. இதனையும் தலையில் தாங்குகின்றனரே தவிர முதுகில் கட்டுவதில்லை என்பதைக் காண்க. இருமுடி தாங்கிய தலையோடு, உடைகளை முதுகுப்பையில் மாட்டிச் செல்வோரை இக்காலத்தில் காண்கிறோம். பழையதும் புதியதும் ஓருடம்பில் வெவ்வேறு உறுப்புகளில் அமர்ந்துள்ளன!

முதுகில் தாங்கியோர் தமிழரில் எவருமே இலர் என்று கூறுதல் மிகையாகும். வில்லாளியின் தூணி முதுகில் கிடப்பது. அது படைக்கலம் ஆதலின் விலக்கு. மற்றொரு விலக்கே நம் உள்ளத்தை நிறுத்துவது. இலங்கையின் மலையகத்தில் தேயிலை கொய்யும் தமிழ்ப் பெண்கள் கொழுந்துக் கூடையை முதுகில் தொங்கவிட்டு, அதன் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொள்வர். 1820களில் காப்பித் தோட்டங்கள் தோன்றியது முதல், திருச்சிராப்பள்ளி, தஞ்சை, மதுரை, சேலம் முதலிய பகுதிகளினின்றும் மக்கள் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1867இல் லூல்கந்துர என்னுமிடத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப்பயிராக்கிய பின்னர் அவர்தம் தொகை மேலும் பெருகியது. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்களுள் பலர் காலராவாலும் பசியாலும் இறந்தனர். தம் உடைமை முழுவதையும் ஒரு மூட்டையாக்கிச் சுமந்து பிற தேயத்து வழியில் நடந்தவர் அவரே. முதுகில் சுமை, நெடுவழி, குறைந்த செலவு ஆகிய மூன்றும் அவர்பால் உண்டு. ஆயினும் வரலாறு அவர்களை வழிச்செல்வோர் வரிசையில் வைக்கவில்லை. 'கூலி' என்றே எழுதிற்று. 'முதுகுச்சுமை' என்னும் தொடரைத் தமிழில் எழுதுங்கால் முன்வந்து நிற்க வேண்டிய உருவம், கோடைக்கானலில் விடுதி தேடும் இளைஞன் உருவமா, கூடைக்கயிறு நெற்றியில் அழுந்திய இப்பெண்ணின் உருவமா என்று சொல்லாக்குவோர் எண்ணிப் பார்த்தல் நன்று.

என் கருத்து இதுவே. 'முதுகுச்சுமைப் பயணர்' என்னும் ஆக்கம் ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைப் பெயர்க்கிறது; அதன் உயிரான தன்விருப்பத்தை விட்டுவிடுகிறது. தமிழில் முதுகும் சுமையும் சேர்ந்தால் பொதிமாட்டின் நினைவோ பிறர்க்கு உழைத்தாரின் நினைவோ எழுமேயன்றித் தன்விருப்பச் செலவின் நினைவு எழாது. 'முதுகுப்பைப் பயணி' என்பது அத்துணைத் தவறுடையதன்று, பை இலேசானது. எனினும் அப்பை தொங்குவது தோளில் மாட்டிய வாரில் ஆதலின், 'தோட்பை' என்றல் பொருளுக்கும் மரபுக்கும் ஒருங்கே பொருந்தும். ஜோல்னாப் பை தோளில் தொங்கிய தலைமுறையை நாம் அறிவோம். அது முதுகிற்கு நகர்ந்ததே இக்காலத்து மாற்றம்.

செல்பவரைக் குறிக்கப் புதுச்சொல் வேண்டுமா என்பதே ஐயம். 'வழிப்போக்கர்' இருக்கிறது. 'யாரோ ஒரு வழிப்போக்கன்' என்னும் ஆட்சியால் அது சற்றுத் தாழ்ந்தது உண்மை. 'பரதேசி' வசையாகவே போயிற்று. ஆயினும் தாழ்ந்த சொல் மீண்டும் உயர்தல் உண்டு. 'ஊர்சுற்றி' என்பது வேலையற்றவனுக்கு இட்ட ஏச்சு. ராகுல் சாங்கிருத்தியாயனின் இந்தி நூலொன்று 'ஊர்சுற்றிப் புராணம்' என்னும் பெயரில் தமிழில் வந்து அவ்வேச்சைப் பட்டமாக்கிற்று. 'தேசாந்திரி' என்னும் சொல்லை எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் தம் பயணக் கட்டுரைகளுக்குத் தலைப்பாக்கினார். இன்று இளையோர் அச்சொல்லைப் பெருமையுடனேயே கூறிக்கொள்கின்றனர்.

அகராதி தொகுப்போர் 'பேக்பேக்கர்' என்னும் சொல்லின்கீழ் இருபொருளையும் பிரித்துக் காட்டல் வேண்டும். காடும் மலையும் நடப்போர்க்கு 'மலைநடையர்' என்னலாம். நெடுங்காலம் சிறுசெலவில் நாடு காண்போர்க்குத் 'தோட்பை வழிப்போக்கர்' என்றோ, இடம் நோக்கித் 'தேசாந்திரி' என்றோ எழுதலாம். கொழுந்துக் கூடைக்கும் அதன் கயிற்றுக்கும் மலையகத்தார் வழங்கும் சொற்களையும், சும்மாடு, உறி, சுமைதாங்கி என்பவற்றோடு சேர்த்துச் சுமைச் சொற்கள் எனத் தனித் தொகுதியாகத் திரட்டுதல் முதுகலை மாணவர் எவரேனும் மேற்கொள்ளத்தக்க பணி. அப்பணியை அரியலூர் வட்டத்துக் களத்துமேடுகளிலிருந்து தொடங்கலாம். சும்மாடு சுற்றத் தெரிந்த கைகள் அங்கு இன்னும் உள.